சேரிடம் கேளுங்கள்: ஏவுகணை இருக்க விமானம் எதற்கு?

சென்ற இதழில் அணுவாயுதம் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. வழமையாக எனக்கு வருவதெல்லாம் கூரையில் பூட்டும் சூரியத் தகடு, கிணற்றுத் தண்ணீரின் உப்பு, ஊதிப்போன போன் பற்றரி போன்ற விஷயங்கள்தான். இம்முறை ஏறத்தாழ எல்லாமே குண்டுவீச்சு விமானம் பற்றியவை. ஒன்றோடொன்று சேர்ந்து வருபவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை அரை மணித்தியாலத்தில் போய்ச் சேருகிறது. நீர்மூழ்கி கடலுக்கடியில் ஒளிந்து கிடக்கிறது. இவை இரண்டும் இருக்க, பத்து மணித்தியாலம் பறந்து போகிற விமானத்துக்கு அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏன் இன்னும் காசைக் கொட்டுகின்றன சேர்? பேரன் கேட்கிறான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
*ஓய்வுபெற்ற தபால் ஊழியர், உப்புவெளி*

பேரன் கெட்டிக்காரன். பத்து மணித்தியாலம் ஆகிறது என்பதே அதன் பெரிய உபயோகம் என்று அவனிடம் சொல்லுங்கள்.

ஏவுகணையை விட்டால் விட்டதுதான். பாதி வழியில் ஜனாதிபதிக்கு மனம் மாறினாலும் திருப்பி அழைக்க முடியாது. நீர்மூழ்கியிலிருந்து கிளம்பும் ஏவுகணையும் அப்படித்தான். விமானத்தை மட்டும் குண்டோடு மேலே அனுப்பிவிட்டு, ஐந்தாறு மணித்தியாலம் கழித்து "திரும்பி வா" என்று சொல்லலாம். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானிகளுக்கு இதையே விதியாக வைத்திருந்தார்கள். சோவியத் எல்லைக்கு வெகு முன்னால் குறித்துக் கொடுத்த ஓர் இடம் வரைக்கும் போகலாம். தாக்கச் சொல்லும் சங்கேதக் கட்டளை அங்கே வந்து சேராவிட்டால் திரும்பிவிட வேண்டும். வானொலி பழுதாகிக் கட்டளை கேட்காமல் போனாலும் திரும்புவதுதான் விதி. சந்தேகம் வந்தால் வீட்டுக்கு வா என்று எழுதி வைத்த ஒரே அணுவாயுதம் எனக்குத் தெரிந்து இதுதான்.

அடுத்தது, அது கண்ணுக்குத் தெரிகிறது. "நீ அடித்தால் நானும் அடிப்பேன்" என்று எதிராளியை நம்பவைத்து, முதல் அடியே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஏற்பாடு முழுவதும். நம்பவைக்க வேண்டுமென்றால் எதையாவது காட்ட வேண்டும். நீர்மூழ்கியின் பலமே அது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாததில் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவந்து காட்டினால் அந்தப் பலம் போய்விடும். நிலத்தடிக் குழியில் நிற்கும் ஏவுகணை நேற்றும் இன்றும் ஒரே மாதிரித்தான் நிற்கும். விமானம் அப்படி இல்லை, அதை ஓடுபாதைக்குக் கொண்டுவரலாம், குண்டு ஏற்றலாம், வேறு தளத்துக்கு மாற்றலாம், மேலே எழுப்பலாம். செய்மதி ஒவ்வொன்றையும் படம் பிடிக்கும், எதிராளியும் பார்ப்பான். நம் ஊரில் வேலிச் சண்டை முற்றும்போது ஒருவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து நிற்பாரே, அந்த மாதிரி. இன்னும் அடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கோ விளங்கிவிட்டது. உள்ளே திரும்பிப் போகவும் வழி இருக்கிறது.

1962 ஒக்டோபரில், கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகளை வைத்ததால் வந்த நெருக்கடியின்போது, இது நடந்தது. அமெரிக்கா தன் பி-52 விமானங்களில் எட்டில் ஒரு பங்கை ஐதரசன் குண்டோடு எப்போதும் வானிலேயே வைத்திருந்தது. பி-47 விமானங்களைச் சாதாரணப் பயணிகள் விமான நிலையங்களுக்குக் கூடப் பரப்பி நிறுத்தியது. இந்தக் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவின் தளபதி தோமஸ் பவர் 24ஆம் திகதி தன் தளங்களுக்கு அனுப்பிய செய்தியைச் சங்கேதமாக்காமல் திறந்த அலைவரிசையிலேயே அனுப்பினார். மொஸ்கோ கேட்கவேண்டும் என்பதற்காகத்தான். சோவியத் தலைவர் குருஷ்சேவ் இறங்கி வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. துருக்கியிலிருந்து அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுவதாகக் கொடுத்த இரகசிய வாக்கு அதில் முக்கியமானது. ஆகவே விமானம்தான் வென்று கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சு நடந்த அந்த நாட்களில் விமானங்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன, பேச்சு முடிந்ததும் இறங்கின. ஏவுகணையால் இதைச் செய்ய முடியாது.

எல்லா முறையும் பலிக்கும் என்றும் இல்லை. 1969 ஒக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அணுகுண்டு ஏற்றிய 18 பி-52களை அலாஸ்கா பக்கமாகப் பறக்கவிட்டார். சோவியத் பயந்து தன் கூட்டாளியான வட வியட்நாமை நெருக்கும், போரில் அதன் தலைநகர் ஹனோய் பணியும் என்பது அவருடைய கணக்கு. ஹனோய் அசையவில்லை. 2013 மார்ச்சில் இரண்டு பி-2கள் தென்கொரியாவின் மேல் பறந்துபோய் ஒரு பயிற்சித் திடலில் வெடிக்காத குண்டுகளைப் போட்டுக் காட்டின. மறுநாளே வடகொரியா தன் ஏவுகணைப் படைகளைத் தயார் நிலையில் வைத்தது. மண்வெட்டியைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரரும் கத்தியோடு வந்துவிட்டார்.

எந்தெந்த நாடுகளிடம் இந்த விமானம் இருக்கிறது? இந்தியாவிடம் உண்டா?
*கடைக்காரர், கிண்ணியா*

நெடுந்தூரம் போகும் அசல் ரகம் மூன்று நாடுகளிடம்தான். அமெரிக்காவிடம் பி-52, பி-2. ரஷ்யாவிடம் டியூ-95, டியூ-160. சீனாவிடம் எச்-6, அது பழைய சோவியத் டியூ-16இன் வழிவந்தது. அதில் எச்-6என் என்ற ரகம் வானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, வயிற்றுக்கடியில் ஒரு பெரிய ஏவுகணையைச் சுமந்து போகும். பிரான்ஸ் ரஃபால் சண்டை விமானத்தில் அணு ஏவுகணையைப் பூட்டுகிறது. பிரித்தானியா கடைசி விமானக் குண்டையும் 1998இல் கைவிட்டு, எல்லாவற்றையும் நீர்மூழ்கிக்குள் வைத்துவிட்டது. இந்தியாவிடம் மிராஜ், ஜாகுவார் போன்ற சண்டை விமானங்கள்தான் அந்த வேலைக்கு. அக்னி ஏவுகணைகளும், 2018இல் ரோந்து முடித்து வந்த அரிஹந்த் நீர்மூழ்கியும் மற்ற இரண்டு கால்கள். விமானம், ஏவுகணை, நீர்மூழ்கி என்ற மூன்றையும்தான் அணுவாயுதப் படையின் மூன்று கால்கள் என்பார்கள்.

அணுகுண்டு போட்ட விமானம் சீனன்குடாவுக்கு வந்தது என்று எங்கள் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கட்டுக்கதையா?
*ஆசிரியை, தம்பலகாமம்*

பாதி உண்மை, டீச்சர். அந்தப் பாதியே பெரிய கதை.

ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானம் இங்கே வரவில்லை. அதே இன விமானங்கள் வந்தன. 1944 ஓகஸ்ட் 10ஆம் திகதி பிற்பகல், இன்றைக்கு விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி இருக்கும் அதே திருகோணமலைச் சீனன்குடாத் தளத்திலிருந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வழமையில் அவை வங்காளத்தின் கரக்பூர்ப் பக்கம் நிற்பவை. சுமாத்ராவின் பலெம்பாங்கில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் இலக்கு. போய்வர 6,000 கிலோமீற்றருக்கும் மேல். நடுவில் எங்கும் இறங்கவில்லை. அந்தப் போரில் அமெரிக்க விமானப்படை போன மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களில் அது ஒன்று. அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகவே நம் ஓடுபாதையை நீட்டினார்கள். வழி நெடுகப் பிரித்தானியக் கப்பல்களை நிறுத்தி வைத்திருந்தார்கள், கடலில் விழுந்தால் தூக்குவதற்கு.

என் அப்பா அப்போது அந்தத் தளத்தில் களஞ்சிய எழுதுவினைஞர். பெயின்ற் பூசாத வெள்ளி உடம்பு வெயிலில் கண்ணைக் குத்தும் என்பார். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் வந்து குண்டு போட்டு எண்ணெய்க் குதத்தை எரியவிட்டபோது ஊரைவிட்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே அந்த வெள்ளி விமானங்களைக் கண்டதும் அவருக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தி சீனன்குடாவுக்குள் மட்டும்தான் இருந்தது. பலெம்பாங்கில் விழுந்த சேதம் செலவழித்த எரிபொருளுக்குக் கூடப் போதாது. அதன் பிறகு பி-29கள் இலங்கையிலிருந்து தாக்கப் போகவேயில்லை.

ஒரே ஒரு வருடம் பொறுங்கள் என்று யாராவது அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிராது. 1945 ஓகஸ்ட் 6இலும் 9இலும், அணுகுண்டுக்கென்றே மாற்றியமைத்த பி-29கள் பசுபிக்கின் தினியன் தீவிலிருந்து போய் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் அழித்தன. அன்றிலிருந்து பதினைந்து வருடம் வரைக்கும் அணுவாயுதப் பயமுறுத்தல் என்றால் அது விமானம்தான், வேறு வழியே இருக்கவில்லை. ஏவுகணையும் நீர்மூழ்கியும் 1960ஐ ஒட்டித்தான் வந்து சேர்ந்தன.

ஒரு வால் செய்தி. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் துறைமுகத்தையும் விமானத் தளங்களையும் நம்மிடம் ஒப்படைத்துவிட்டு மாலைதீவின் கன் தீவில் புதுத் தளம் போட்டார்கள். சிங்கப்பூருக்குப் போகும் அவர்களுடைய குண்டுவீச்சு விமானங்கள் பிறகு அந்த வழியாகத்தான் போயின. பிரதமர் பண்டாரநாயக்கா அன்று தளங்களைத் திரும்பக் கேட்டிராவிட்டால் அவை நம் தலைக்கு மேலால் இறங்கியிருக்கும்.

விமானம் தரையில் நிற்கும்போது எதிரி அடித்துவிட்டால் எல்லாம் முடிந்ததே? அப்படியென்றால் எப்போதும் வானிலேயே வைத்திருக்க வேண்டியதுதானே?
*வலைத்தொழில் செய்யும் வாசகர், சல்லி*

இரண்டு கேள்விக்கும் சரித்திரம் பதில் சொல்லிவிட்டது, தம்பி.

முதலாவதற்கு 2025 ஜூன் 1. லொறிகளில் ஏற்றிய மரப்பெட்டிகளுக்குள் சின்னச் சின்ன ட்ரோன்களை ஒளித்து வைத்து, ரஷ்யாவுக்குள்ளே கொண்டுபோய், விமானத் தளங்களுக்குக் கிட்ட நிறுத்திக் கிளப்பியது உக்ரேன். போர்முனையிலிருந்து 4,000 கிலோமீற்றருக்கும் அப்பால், சைபீரியாவின் பெலாயா தளத்தில் கூட விமானங்கள் எரிந்தன. 41 விமானங்களை அடித்தோம் என்றது உக்ரேன். படங்களை வைத்து உறுதி செய்ய முடிந்தது அதைவிடக் குறைவு. இருந்தாலும் எரிந்தவற்றில் டியூ-95 இருந்தது. அதைப் புதிதாகக் கட்டும் தொழிற்சாலை இப்போது கிடையாது. அணுவாயுதம் சுமக்கும் ஒரு விமானத்தைக் கடையில் வாங்கக்கூடிய ட்ரோனுக்குக் கிட்டிய உறவான ஒரு சின்ன ட்ரோன் எரித்துவிட்டது. மூன்று கால்களில் இந்தக் கால் எவ்வளவு நோஞ்சான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அமெரிக்கர்கள் இந்தப் பயத்தை 1950களிலேயே உணர்ந்துவிட்டார்கள். விமானங்களில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு கெனடி காலத்தில் பாதி, 15 நிமிடத்தில் எழுவதற்கு ஆயத்தமாக ஓடுபாதை ஓரத்தில் நின்றன. விமானிகள் பக்கத்திலேயே படுத்தார்கள். ஏவுகணை வரும் அரை மணித்தியாலத்துக்குள் மேலே போய்விடலாம் என்பது கணக்கு. 1991 செப்டெம்பரில் மூத்த புஷ் அந்த ஆயத்த நிலையை நிறுத்தினார்.

வானிலேயே வைத்திருக்கும் யோசனையையும் செய்து பார்த்தார்கள். 1961 முதல் 1968 வரை ஐதரசன் குண்டோடு பி-52கள் இரவு பகலாகச் சுற்றின. நீங்கள் கடல்தொழில் செய்பவர், ஆகவே பலோமாரெஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1966 ஜனவரி 17. ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில் பலோமாரெஸ் என்று ஒரு சிறு கிராமம். அதற்கு மேலே வானில் எரிபொருள் நிரப்பும்போது பி-52உம் எண்ணெய் விமானமும் மோதின. ஏழு பேர் இறந்தார்கள். நான்கு ஐதரசன் குண்டுகள் விழுந்தன. மூன்று தரையில். அணு வெடிப்பு நடக்கவில்லை. ஆனால் இரண்டு குண்டுகளின் சாதாரண வெடிமருந்து வெடித்துப் புளுட்டோனியத்தைத் தக்காளித் தோட்டங்களில் தூவிவிட்டது. ஆயிரம் தொன்னுக்கும் அதிகமான மண்ணை வாரிப் பீப்பாக்களில் அடைத்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். நான்காவது குண்டைக் காணவில்லை. அமெரிக்கக் கடற்படை கப்பல் கப்பலாக வந்து தேடியது. கணிதக்காரர்கள் நிகழ்தகவு போட்டார்கள். இறால் பிடிக்கப் போயிருந்த ஒரு ஸ்பானிய மீனவர் மட்டும், பரசூட்டில் ஒன்று கடலில் விழுந்ததைக் கண்ணால் கண்டேன், இடம் இதுதான் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் தெரியும் மலைகளை வைத்து நீங்கள் கணியம் பார்ப்பீர்களே, அவருக்கும் அதுதான் தொழில். கடைசியில் அவர் காட்டிய பக்கத்தில்தான் குண்டு கிடைத்தது, 800 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில். தூக்கி எடுத்தபோது ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டது.

அதோடும் நிறுத்தவில்லை. 1968 ஜனவரி 21இல் கிரீன்லாந்தின் தூலே தளத்துக்குப் பக்கத்தில், உள்ளே தீப்பிடித்து இன்னொரு பி-52 நான்கு குண்டுகளோடு கடல் பனியில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் குண்டோடு சுற்றுவதைக் கைவிட்டார்கள். எதிரி அடிப்பான் என்று பயந்து தங்கள் கூட்டாளி நாடுகளின் தலையிலேயே எட்டுக் குண்டுகளைப் போட்டதுதான் மிச்சம்.

பி-52 கடைசியாகக் கட்டப்பட்டது 1962இல் என்று படித்தேன். ராடாரில் வீடு மாதிரித் தெரியும் அந்த விமானத்தை எதிரி சுட்டு வீழ்த்த மாட்டானா?
*உயர்தர பௌதிகப் பிரிவு மாணவி, மூதூர்*

கிட்டப் போனால் வீழ்த்துவான். ஆகவே கிட்டப் போவதில்லை. அது சுமக்கும் அணு ஏவுகணை 2,400 கிலோமீற்றருக்கு மேல் தாழப் பறந்து போகும். திருகோணமலைக்கும் டில்லிக்கும் உள்ள தூரத்தைவிட அது கூட. அவ்வளவு தொலைவில் நின்று ஏவிவிட்டுத் திரும்பலாம். அங்கே பி-52 என்பது பறக்கும் லொறிதான். லொறி பழசாக இருந்தால் என்ன, எஞ்சினை மாற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். அதன் எட்டு எஞ்சின்களுக்கும் பதிலாக இப்போது ரோல்ஸ்ரோய்ஸ் எஞ்சின் பூட்டும் வேலை நடக்கிறது.

உள்ளே நுழைவதற்கென்று கட்டியது பி-2. வாலே கிடையாது, முழு உடம்பும் ஒரு சிறகு. நீங்கள் படித்த தெறிப்பு விதிதான், மகள். வந்த அலையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பாத மாதிரி மேற்பரப்பை வளைத்திருக்கிறார்கள், மிச்சத்தைப் பூச்சு உறிஞ்சுகிறது. ராடாருக்கு முற்றாகத் தெரியாது என்று நினைக்க வேண்டாம், மிகக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். கட்டியது 21 மட்டும். அதில் ஒன்று 2008இல் குவாம் தீவில் எழும்பும்போதே விழுந்தது. காற்றழுத்தம் அளக்கும் உணரிகளுக்குள் ஈரம் புகுந்து கணினிக்குத் தப்புக் கணக்குக் கொடுத்துவிட்டது. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டியதை மழைத்தண்ணீர் வீழ்த்தியது. செய்முறை வகுப்பில் அளவீட்டு வழு என்றால் கொட்டாவி விடுகிற உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அடுத்த தலைமுறையான பி-21 2023 நவம்பரில் முதன்முறை பறந்தது.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. இதே விமானங்கள் சாதாரணக் குண்டும் போடுகின்றன. 2025 ஜூனில் ஏழு பி-2கள் ஈரானின் நிலத்தடி அணு நிலையங்களை அடித்தன, சாதாரண வெடிமருந்துதான். ரஷ்யாவின் டியூ-95 உக்ரேன் மேல் ஏவும் கேஎச்-101 ஏவுகணைக்கு கேஎச்-102 என்று ஓர் இரட்டைப் பிறவி உண்டு, அதன் தலையில் அணுகுண்டு. வெளித்தோற்றத்தில் பேதம் கண்டுபிடிப்பது கடினம். வருவது எது என்று விழுந்த பிறகுதான் தெரியும். உப்புவெளிக்காரருக்கு நான் சொன்ன அந்தப் பத்து மணித்தியால அவகாசம் சுடுபவனுக்கு மட்டும்தான். ராடாருக்கு முன்னால் குந்தியிருப்பவனுக்கு அது கிடையாது.

தியாகோ கார்சியாவில் இந்த விமானங்கள் நிற்கின்றனவாம். நமக்கு ஆபத்தா?
*வாசகர், நிலாவெளி*

இந்து சமுத்திரத் தீவொன்றில் இருக்கும் அந்த அமெரிக்கத் தளம் இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீற்றர். 2025 வசந்தத்தில் பி-2கள் அங்கே வந்து நின்றதைச் செய்மதிப் படங்களில் உலகமே பார்த்தது, பார்க்க வேண்டும் என்றுதான் நிறுத்தினார்கள். பார்வையாளர் ஈரான், நாமல்ல. 1971 டிசெம்பரில் இலங்கை முன்மொழிந்து, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. தியாகோ கார்சியாவில் அந்தத் தளத்தின் கட்டுமானம் தொடங்கியதும் அதே 1971தான்.

இதையெல்லாம் இவ்வளவு ரசித்து எழுதுகிறீர்களே, அணுகுண்டை ஆதரிக்கிறீர்களா?
*பெயர் எழுதாதவர், திருகோணமலை நகரம்*

இல்லை. பாம்புக்கடி பற்றி எழுதும் வைத்தியரிடமும் இதைக் கேட்பீர்களோ?

ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் ஒரு விமானம் எத்தனை குண்டு சுமந்தாலும் ஒன்று என்றே கணக்கு வைத்தார்களாம். இது ஏமாற்று வேலை இல்லையா?
*கணக்காளர், பாலையூற்று*

கணக்காளருக்கு இது கண்ணில் குத்தும், குத்தவும் வேண்டும். அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010இல் கையெழுத்திட்ட புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம் ஆளுக்கு 1,550 குண்டுகள் என்று வரம்பு போட்டது. ஏவுகணையில் உள்ள குண்டுத் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். விமானம் மட்டும் ஒன்றுக்கு ஒன்று. பி-52ஆல் 20 ஏவுகணைகள் வரை சுமக்க முடியும், தாளில் அது ஒன்றுதான்.

காரணம் ஒன்று இருந்தது. இரு நாடுகளும் விமானங்களைக் குண்டு ஏற்றாமல்தான் நிறுத்தி வைக்கின்றன, குண்டுகள் தளத்தின் வேறொரு களஞ்சியத்தில் கிடக்கும், ஆகவே எண்ணுவதற்கு விமானத்தில் எதுவும் இல்லை. அதற்குப் பின்னால் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. திடீரென்று முதலடி அடித்து எதிரியின் ஏவுகணைகளைக் குழியிலேயே அழிக்க நினைப்பவனுக்கு விமானம் உதவாது. போய்ச் சேருவதற்குள் எல்லாம் கிளம்பிவிடும். பேச்சு மேசையில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் இதை ஒத்துக்கொண்டார்கள். 1991இல் போட்ட முதல் ஸ்டார்ட் ஒப்பந்தத்திலும் விமானத்துக்குச் சலுகை இருந்தது. காசையும் குண்டையும் விமானத்தின் பக்கம் தள்ளினால் இரு பக்கமும் கொஞ்சம் நிதானமாகத் தூங்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஏமாற்று வேலை என்றால், இருவரும் தெரிந்தே ஒருவரையொருவர் ஏமாற விட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 பெப்ரவரி 5 வரைதான் எழுதப்பட்டிருந்தது. களஞ்சியத்திலிருந்து ஓடுபாதைக்கு எத்தனை குண்டுகளைக் கொண்டுவரலாம் என்பதற்கு அதற்குள்ளும் வரம்பு இருக்கவில்லை.